பிசைந்து பொருத்தும் காதடைப்பான்: இரைச்சலுக்கு நடுவே உறங்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

உறங்கும் நேரத்திலும் காது தன் வேலையை நிறுத்துவதில்லை. ஒலி அலைகள் செவிப்பறையை அதிரச் செய்வதும், அந்த அதிர்வு நரம்பின் வழியாக மூளையைச் சென்றடைவதும் இரவு முழுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. வந்த ஒலி பொருட்படுத்தத் தக்கதா, இல்லையா என்று மூளையும் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே சீராக ஓடும் மின்விசிறியின் சத்தத்தில் அயர்ந்து தூங்கும் ஒருவர், யாரோ கதவை அறைந்து சாத்தும் ஓசையில் திடுக்கிட்டு எழுந்துவிடுவது இதனால்தான். முழுமையாக விழிக்காதபோதும், ஆழ்ந்த உறக்கம் கலைந்து மேலோட்டமான உறக்கமாக மாறுவதும் இதயத் துடிப்பு சற்றே கூடுவதும் உண்டு. காலையில் இவை எதுவும் நினைவில் இருப்பதில்லை. களைப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, படுக்கையறைக்குள் தொடர்ந்து இருக்கும் ஒலி 30 டெசிபலையும், இடையிடையே எழும் தனி ஒலிகள் 45 டெசிபலையும் தாண்டாமல் இருப்பது நல்லது. இயல்பாகப் பேசும் குரலே ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த அமைதி எத்தனை வீடுகளுக்கு எட்டாதது என்பது விளங்கும்.

சத்தம் எழும் இடத்திலேயே அதைக் குறைக்க முடியுமானால் அதுவே முதல் தீர்வு. சன்னல் இடுக்கை அடைப்பது, கட்டிலை வேறு சுவரோரம் நகர்த்துவது, பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசிப் பார்ப்பது ஆகியவற்றை எல்லாம் செய்த பிறகும் மிஞ்சும் இரைச்சலுக்குத்தான் காதடைப்பான் தேவைப்படுகிறது. அவற்றில் கையால் பிசைந்து காதின் வடிவத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் வகையைப் பற்றியே இங்கு விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். முறையாகப் பொருத்தத் தெரியாத ஒரே காரணத்தால் இதை ஓரிரு இரவுகளில் கைவிட்டுவிடுபவர்கள் ஏராளம். சரியாகப் பொருத்தினால் எளிய பொருளொன்று எவ்வளவு உதவும் என்பது அவர்களுக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது

பிசைந்து பொருத்தும் காதடைப்பான்களில் இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒன்று மெழுகும் பஞ்சும் கலந்து செய்யப்படுவது, இது பழையது. மாக்ஸ் நெக்வர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் 1907இல் பெர்லினில் தொடங்கிய ஓரோபாக்ஸ் நிறுவனம் இதை வணிகப் பொருளாக விற்கத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. உடல் சூட்டில் இளகும் இந்த மெழுகுருண்டை, காதுத் துளையின் வாயில் சற்றே உள்ளிறங்கி அமரும். மற்றொன்று மென்மையான சிலிக்கோன் பசை. நீச்சல் வீரர்கள் காதில் தண்ணீர் புகாமல் இருக்கப் பயன்படுத்துவதும் இதே பொருள்தான். இது காதுத் துளைக்குள் போவதே இல்லை; துளையின் வாயையும் அதைச் சுற்றியுள்ள குழிவையும் மேலிருந்து மூடிக்கொள்ளும்.

இவை தவிர, விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே செலுத்தியதும் விரிந்துகொள்ளும் ஃபோம் வகையும் உண்டு. எண்ணளவில் பார்த்தால் ஃபோம் வகைக்கே ஒலியைத் தடுக்கும் திறன் அதிகம்: அமெரிக்கத் தரமுறைப்படி நல்ல ஃபோம் அடைப்பானின் பெட்டியில் 32 அல்லது 33 டெசிபல் என்றும், சிலிக்கோன் பசையின் பெட்டியில் ஏறத்தாழ 22 டெசிபல் என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் ஃபோம் அடைப்பானைக் குழாய்க்குள் ஆழமாகச் செலுத்தினால்தான் அந்தத் திறன் கிடைக்கும். குறுகிய அல்லது வளைந்த காதுக்குழாய் உள்ளவர்களுக்கு அது விரிந்து அழுத்தி, நள்ளிரவில் வலி கொடுக்கும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு அதன் வெளிமுனை தலையணையில் பட்டு மேலும் உள்ளே அழுந்தும். இந்த இரு தொல்லைகளும் உள்ளவர்கள், எண் குறைவாக இருந்தாலும், சிலிக்கோன் பசையைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து. இரவு முழுவதும் காதில் நிலைத்திருக்கும் 22, இரண்டு மணிக்குப் பிடுங்கி எறியப்படும் 33ஐ விடப் பயனுள்ளது.

பெட்டியிலுள்ள எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அது ஆய்வகத்தில், பயிற்றுநரின் மேற்பார்வையில் கவனமாகப் பொருத்தி அளந்த எண். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், பெட்டியில் உள்ள எண்ணிலிருந்து ஃபோம் வகைக்குப் பாதியையும் பிற அடைப்பான்களுக்கு 70 விழுக்காட்டையும் கழித்துவிட்டுக் கணக்கிடும்படி 1998இல் பரிந்துரைத்தது. இது தொழிற்சாலைச் சூழலுக்காகச் சொல்லப்பட்டது என்றாலும், பொருத்தும் விதம் சரியில்லாவிட்டால் பயன் எவ்வளவு சுருங்கிவிடும் என்பதை உணர்த்துகிறது. அமெரிக்கப் பெட்டிகளில் என்.ஆர்.ஆர். என்றும் ஐரோப்பியப் பெட்டிகளில் எஸ்.என்.ஆர். என்றும் இருக்கும் எண்கள் வெவ்வேறு முறைகளில் அளக்கப்படுபவை. ஆகவே ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு வாங்க வேண்டாம்.

எதை எதிர்பார்க்கலாம்

டெசிபல் கணக்கில் 10 குறைந்தால், காதுக்கு அந்தச் சத்தம் ஏறத்தாழப் பாதியாகக் கேட்கும். 20 குறைந்தால் கால் பங்காகக் கேட்கும். எனவே 15 டெசிபல் உண்மையிலேயே குறைந்தாலும் பெரும்பாலான இரவுகளுக்கு அது போதும். அறைக்குள் இருக்கும் அமைதிக்கும் திடீரென எழும் சத்தத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி சுருங்கிவிடுவதால், மூளை அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் வாய்ப்பு கூடுகிறது.

ஆனால் எல்லாச் சத்தத்தையும் அடைப்பான் ஒரே அளவில் குறைப்பதில்லை. பேச்சு, குழந்தைகளின் கூச்சல், பறவையொலி, பாத்திரம் மோதும் ஓசை போன்ற உச்ச அதிர்வெண் ஒலிகள் நன்றாக அடங்கும். கனரக வாகனத்தின் உறுமல், பக்கத்து அறை ஒலிபெருக்கியின் ‘தும் தும்’ என்ற தாளம், ஆழமான குறட்டை போன்ற தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் குறைந்த அளவே அடங்கும். எவ்வளவு சிறந்த அடைப்பானை வைத்தாலும், மண்டையோட்டு எலும்பின் வழியாக ஒலி உட்காதைச் சென்றடைவதை அது தடுக்க முடியாது. கட்டிலையும் சுவரையும் அதிரச் செய்யும் சத்தம் என்றால், அந்த அதிர்வு உடலின் வழியாகவும் வருகிறது. அப்போது அடைப்பானோடு, மின்விசிறியின் சத்தத்தையோ மழை பெய்வது போன்ற சீரான ஒலியையோ மெதுவாக ஒலிக்கவிடுவது நல்ல பயன் தரும்; அடைப்பானைத் தாண்டி வரும் தாழ்ந்த ஒலியின் ஏற்ற இறக்கத்தை அந்தச் சீரான ஒலி மறைத்துவிடும்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்

செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காதில் வடிகுழாய் பொருத்தியவர்கள், அண்மையில் காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காதில் வலியோ சீழோ அரிப்போ உள்ளவர்கள், காதுக்குறும்பி அடிக்கடி அடைத்துக்கொள்பவர்கள் ஆகியோர் காது மருத்துவரிடம் காட்டிய பிறகே இதைத் தொடங்க வேண்டும். காதில் எப்போதும் இரைச்சல் கேட்கும் தொல்லை உள்ளவர்களுக்கு, வெளிச்சத்தம் அடங்கியதும் அந்த உள்ளிரைச்சல் மேலும் துலக்கமாகத் தெரியக்கூடும். சிறு குழந்தைகளுக்கு இரவில் இதை அணிவிக்கவே கூடாது. கழன்று வாய்க்குள் போனால் மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு.

சிலிக்கோன் அடைப்பானைப் பொருத்தும் முறை

முதல் முயற்சியைப் படுக்கும் நேரத்துக்கு ஒத்திவைக்காமல், பகலில் கண்ணாடி முன் நின்று செய்து பார்ப்பது நல்லது. களைப்பிலும் எரிச்சலிலும் கற்றுக்கொள்ளும் வேலை அல்ல இது. பயிற்சியின்போது வானொலியோ கைப்பேசியோ ஒரே அளவில் ஒலித்துக்கொண்டிருந்தால், பொருத்தியது சரியா என்பதை உடனே அறியலாம்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். காது மடலின் உட்குழிவையும் மெல்லிய துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ துளியளவு இருந்தாலும் சிலிக்கோன் தோலோடு ஒட்டாது, அரை மணி நேரத்தில் ஓரம் கிளம்பிவிடும். குளித்து முடித்த உடனே பொருத்துவதாக இருந்தால், சற்றுப் பொறுத்துக் காது நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்கலாம். தலைமுடியைப் பின்னால் ஒதுக்கிக் கட்டிக்கொள்ளவும். ஒரே ஒரு மயிரிழை இடையில் சிக்கினாலும் அதன் வழியே காற்றும் ஒலியும் கசியும், எடுக்கும்போது இழுபட்டு வலிக்கவும் செய்யும்.

ஓர் அடைப்பானை முழுதாக எடுத்து, விரல்களுக்கு இடையே அரை நிமிடமாவது நன்றாகப் பிசைந்து இளக்கவும். குளிர்ந்த அறையில் அது விறைப்பாக இருக்கும். உள்ளங்கையில் சற்று நேரம் மூடி வைத்திருந்தால் இளகிவிடும். பெரிதாகத் தெரிகிறதே என்று அதைப் பாதியாகக் கிள்ளிப் பயன்படுத்தக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு துண்டு துளைக்குள் நழுவிப் போய், செவிப்பறைக்கு அருகே ஒட்டிக்கொண்டால் மருத்துவரே கருவி வைத்து எடுக்க நேரிடும். முழு அளவில் இருப்பதே அது உள்ளே போகாமல் காக்கும் ஏற்பாடு.

இளகியதை மிருதுவான உருண்டையாக உருட்டி, காதுத் துளையின் வாய்க்கு நேரே வைக்கவும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து மடலின் மேல்நுனியைப் பிடித்து மெல்ல மேலும் பின்னுமாக இழுத்தால், துளையின் வாய் நன்றாகத் திறந்து கொடுக்கும். பிறகு உருண்டையின் நடுவில் விரல் நுனியால் மெதுவாக அழுத்தி, அது தட்டையாகி ஒட்டியதும், நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி விரலால் தேய்த்துப் பரப்பவும். துளைக்கு முன்னாலுள்ள சிறிய முகடு, கீழேயுள்ள பள்ளம், பின்பக்கக் குழிவு என எல்லாப் பக்கங்களிலும் ஓரம் தோலோடு படிய வேண்டும். ஜாடியின் வாயை மூடியால் இறுக்குவது போன்ற வேலை இது. ஜாடிக்குள் எதையும் திணிப்பதில்லை. ஒலியைத் தடுப்பது உள்ளே எவ்வளவு பொருள் போயிற்று என்பதல்ல, ஓரத்தில் காற்றுப் புகும் இடுக்கு மிஞ்சியிருக்கிறதா என்பதுதான். ஊசி முனையளவு இடைவெளி இருந்தாலும், தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறையத் தடையின்றி உள்ளே வந்துவிடும்.

இரண்டு காதுகளிலும் பொருத்திய பிறகு, ‘ம்’ என்று நீட்டி முனகிப் பாருங்கள். சரியாக அடைபட்டிருந்தால் உங்கள் குரல் தலைக்குள்ளிருந்து கனமாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் முழங்கும். ஒரு பக்கம் மட்டும் வழக்கம்போல் கேட்டால் அந்தப் பக்கம் கசிகிறது என்று பொருள். அடுத்து, வெளியே சத்தம் இருக்கும்போது இரு உள்ளங்கைகளையும் குவித்துக் காதுகளின்மேல் இறுக மூடி, பிறகு எடுத்துப் பாருங்கள். மூடும்போது சத்தம் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைந்தால் அடைப்பான் தன் வேலையை முழுதாகச் செய்யவில்லை. வேறுபாடு ஏறத்தாழ இல்லை என்றால் பொருத்தியது சரி. கசிவு தெரிந்தால் மேலும் அழுத்துவதைவிட, முழுதாக எடுத்துப் பிசைந்து மறுபடி தொடங்குவதே நன்மை தரும். அழுத்த அழுத்த அது துளைக்குள் இறங்குமே தவிர ஓரம் ஒட்டாது. தாடையை அசைத்தும், கொட்டாவி விட்டும், வழக்கமாகப் படுக்கும் பக்கத்துக்கு ஒருக்களித்துப் படுத்தும் பார்த்து, அதன் பிறகும் ஒட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளவும்.

மெழுகு வகைக்கு முறை சற்று மாறுபடும். அதைச் சுற்றியிருக்கும் பஞ்சை நீக்கிவிட்டு, உள்ளங்கையில் சில நிமிடங்கள் வைத்துப் பிசைந்து, கூம்பு வடிவில் உருட்டி, குறுகிய முனையைத் துளையின் வாயில் மட்டும் செருகி, அகன்ற முனையைச் சுற்றிலும் அழுத்திப் படியவைக்க வேண்டும். விரலால் பிடித்து எடுக்கும் அளவுக்கு எப்போதும் வெளியே மிச்சம் இருக்க வேண்டும்.

முதல் சில இரவுகள்

பொருத்திவிட்டுத் தலையணையில் தலை சாய்த்ததும் பெரும்பாலோரை முதலில் துணுக்குறச் செய்வது அவர்களுடைய சொந்த உடலின் ஓசையே. மூச்சு, எச்சில் விழுங்குவது, சிலருக்கு நாடித்துடிப்பு எனச் சாதாரணமாகக் காதில் விழாதவை எல்லாம் பெரிதாகக் கேட்கும். எலும்பின் வழியாகக் காதுக்குழாய்க்குள் வரும் இந்தத் தாழ்ந்த ஒலிகள் வழக்கமாகத் திறந்திருக்கும் காதுத் துளையின் வாய் வழியே வெளியேறிவிடும். துளையின் வாயை மூடியதும் உள்ளேயே தங்கிப் பெருகுகின்றன. குழாய்க்குள் ஆழமாக வைக்கும் ஃபோம் அடைப்பானைவிட, துளையின் வாயில் வைக்கும் அடைப்பானில் இது கூடுதலாகவே தெரியும். இது கோளாறு அன்று. அடைப்பு முழுமையாக இருப்பதற்கான அடையாளம்.

இதற்குப் பழக வேண்டுமானால், உறங்கச் செல்வதற்குச் சற்று முன்னரே பொருத்திக்கொண்டு, படிப்பது போன்ற அமைதியான ஏதாவது ஒன்றில் ஈடுபடலாம். காதில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு, படுப்பதற்குள் பாதி மங்கிவிடும். ஓர் இரவிலேயே முடிவுக்கு வராமல், ஒரு வாரமாவது தொடர்ந்து முயன்று பார்ப்பது நியாயம். அதற்கு மாறாக, காதில் வலி இருந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு பழக முயலவே கூடாது. சரியாகப் பொருத்திய சிலிக்கோன் வலி தருவதில்லை. தலையணை விறைப்பாக இருந்தால் மடல் அழுந்தி வலிக்கலாம், அப்போது மென்மையான தலையணைக்கு மாறிப் பார்க்கலாம்.

இரவில் ஏதேனும் உங்களை எழுப்ப வேண்டியிருந்தால், அதற்கான ஏற்பாட்டை முதல் இரவுக்கு முன்பே செய்துவிட வேண்டும். காலையில் எழுப்பும் மணி கேட்காமல் போகலாம் என்பதால், தலையணைக்கு அடியில் அதிரும் கருவியோ மணிக்கட்டில் அதிரும் பட்டையோ வைத்துக்கொள்ளலாம். புகை எச்சரிக்கைக் கருவியைப் பற்றியும் கட்டாயம் யோசிக்க வேண்டும்: வழக்கமான கருவிகள் ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலியை எழுப்புகின்றன, அடைப்பான் மிகுதியாகத் தடுப்பதும் அத்தகைய ஒலியைத்தான். ஆகவே கருவியைப் படுக்கையறைக்குள்ளேயே பொருத்தி, காதடைப்பானோடு படுத்தபடி அதன் சோதனைப் பொத்தானை வேறொருவரை அழுத்தச் சொல்லி, நன்றாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால், 520 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்ந்த ஒலி எழுப்பும் கருவிகளும், செவித்திறன் குறைந்தோருக்காகக் கட்டிலை அதிரச் செய்யும் கருவிகளும் இருக்கின்றன. கைக்குழந்தையையோ நோயாளியையோ கவனிக்கும் பொறுப்பு உள்ளவர்கள் இருவராக இருந்தால் முறை மாற்றிக்கொண்டு ஒருவர் மட்டும் அடைப்பான் அணியலாம். தனியாக இருப்பவர் அணியாமல் இருப்பதே பாதுகாப்பானது.

குறட்டையிலிருந்து தப்பிக்க இதை நாடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்தில் உறங்குபவரின் குறட்டை திடீரென்று நின்று, சில நொடிகள் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு தொடருமானால், அது உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். உங்கள் காதை மூடிக்கொள்வதற்கு முன், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எடுப்பதும் பேணுவதும்

காலையில் அடைப்பானைச் சட்டென்று பிடுங்கக் கூடாது. காற்றுப் புகாமல் ஒட்டியிருப்பதை வேகமாக இழுத்தால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, செவிப்பறை வெளிப்பக்கமாக இழுபட்டு வலிக்கும். காதுக்குப் பின்னால் மடலின் அடிப்பகுதியில் விரலை வைத்து மேல்நோக்கி அழுத்தினால் ஒரு பக்க ஓரம் தானாகக் கிளம்பும். அங்கிருந்து மெல்லச் சுருட்டினாற்போல் உரித்தெடுக்கலாம். முடியில் ஒட்டியிருந்தால் சிறிது எண்ணெய் தடவிப் பொறுமையாக இழுத்தால் வந்துவிடும்.

எடுத்ததைத் தூசி படாத சிறு டப்பாவில் மூடி வைக்கவும். சிலிக்கோனை ஒரு சில முறையே பயன்படுத்தலாம். எத்தனை முறை என்பதைத் தயாரிப்பாளர் பெட்டியில் சொல்லியிருப்பார். அதற்கு முன்பே அழுக்கேறினாலோ ஒட்டும் தன்மை குறைந்தாலோ எறிந்துவிட வேண்டும். கழுவிச் சேமிக்க முயல்வது வீண்; ஒருவர் பயன்படுத்தியதை மற்றொருவர் பயன்படுத்துவது தவறு. சத்தமில்லாத பகல் நேரங்களிலும் நாள் முழுக்க அணிந்திருக்கும் பழக்கத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நெடுநேரம் ஒலி குறைந்த சூழலில் இருக்கும் காது, சாதாரணச் சத்தத்துக்கும் கூசத் தொடங்கிவிடும்.

காதுக்குறும்பி என்பது அழுக்கு அன்று. வெளிக்காதின் தோல் மெல்ல வெளிநோக்கி நகரும்போது, தூசியோடு அதையும் சுமந்துவந்து தள்ளிவிடும். இரவுதோறும் காதுத் துளையின் வாயை மூடிவைக்கும்போது இந்த நகர்வு தடைபட்டு, சிலருக்குக் குறும்பி சேரலாம். அதற்காகப் பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுக் குடைந்தால், அது இன்னும் ஆழமாகத் தள்ளப்பட்டு இறுகிவிடும். வாரத்தில் ஓரிரு இரவுகள் காதுக்கு ஓய்வு கொடுத்து, பகலில் திறந்தே விட்டாலே பெரும்பாலோருக்குப் போதும். அடைப்பானை எடுத்த பிறகும் காது அடைத்தாற்போலவே இருப்பது, அரிப்பு, நாற்றமுள்ள கசிவு, மடலைத் தொட்டால் வலி ஆகியவற்றில் எது தென்பட்டாலும், பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவும். ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்கும் திறன் குறைந்திருந்தால், குறும்பிதான் அடைத்திருக்கும் என்று நாள்களைக் கடத்தாமல் அன்றே செல்லுங்கள். உட்காது நரம்பு பாதிக்கப்பட்டதால் வந்த செவித்திறன் இழப்பாக அது இருந்தால், சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்குவதில்தான் கேட்கும் திறன் திரும்புவதற்கான வாய்ப்பு அடங்கியிருக்கிறது.